டோவ்ரே முகவரி

செவ்வாய்க்கிழமை எங்கள் வாரப் பத்திரிகைக்குப் பக்கம் கட்டும் நாள். அன்று பகலில் யார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் நான் தலை நிமிர்வதில்லை. ஆல்ஸ்பர்க்கில் எல்லோருக்கும் இது தெரியும். 2012 அக்டோபரில் அப்படியொரு செவ்வாயன்று வந்தவர் ஊரை விட்டுப் போய் நாற்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"லோவெல், 2006 பிப்ரவரிப் பேப்பர் பாக்கணும். பைண்டு பண்ணி வெச்சிருப்பியே, அது."

ஆர்டிஸ் ட்வைட். பள்ளியில் என் அக்காவோடு படித்தவர், எழுபத்தொரு வயது. மொன்டானாவின் பில்லிங்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் தனியாகக் காரோட்டி வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமலே ஒரு கடிதத்தை என் மேசைமேல் வைத்தார். எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்தது. ஒரு சதுர மைல் நிலமான பதினேழாம் பிரிவையும், அதை ஒட்டிய இருபதாம் பிரிவையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துக் கிணறு தோண்டி முடித்துவிட்டார்கள். தொகுதிக்குள் யார் யாருக்கு எத்தனை ஏக்கர் தாதுரிமை, அதாவது நிலத்தடி எண்ணெய்க்கான உரிமை, இருக்கிறதோ அந்தக் கணக்கில் ராயல்டி பிரியும். பதினேழாம் பிரிவில் ஆர்டிஸுக்கு இருந்த எண்பது ஏக்கர் உரிமை 2006-இலேயே காலாவதியாகி, மேல்நிலத்தின் சொந்தக்காரரான டுவேன் கெஃப்ரேயைச் சேர்ந்துவிட்டதாக நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கருதுகிறார்கள், ஆகவே ஆர்டிஸுக்குப் பங்கு இல்லை என்று கடிதம் சொன்னது. வருந்துகிறோம் என்று ஒரு வரியும் இருந்தது.

நிலம் ஒருவருக்கு, நிலத்தின் அடியில் இருப்பது இன்னொருவருக்கு என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஆர்டிஸின் தந்தை பால்மர் க்வான்டே 1964-இல் நிலத்தை டுவேனின் தந்தைக்கு விற்றபோது, அடியில் உள்ளதில் பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து அதை மகள் பெயருக்கு எழுதிவைத்தார். மகன் ஹார்லனுக்கு டிராக்டர் கடை வைக்கப் பணம் கொடுத்தார். "அண்ணனுக்குக் காசு, எனக்குக் கல்லு" என்று ஆர்டிஸ் அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது கல்தான். எண்பதுகளில் பக்கத்துப் பிரிவில் தோண்டிய கிணறு வறண்டுபோனது. அதன் பிறகு குத்தகை கேட்டுக்கூட யாரும் அவரிடம் வரவில்லை.

"மெர்ல் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். மெர்ல் அவர் கணவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க ரொம்ப நல்ல பொண்ணும்மா, உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்'ங்கறான். நாப்பத்தொன்பது வருஷத்துல ஒருநாள் இப்படிப் பேசினதில்ல. நினைவு போனப்புறந்தான் வாய் திறந்திருக்கு."

சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மறதி முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் மெர்ல் இரண்டு வருடமாக இருக்கிறார். அது ஆர்டிஸின் வீட்டிலிருந்து எட்டுத் தெரு. தினமும் நடந்து போய் மதியச் சாப்பாட்டை அவரே ஊட்டிவிடுகிறார். வேறு யார் ஊட்டினாலும் மெர்ல் வாயைத் திறப்பதில்லை. சேமிப்பு டிசம்பரோடு தீர்கிறது. அதற்குப் பிறகு அரசாங்க உதவி. அரசாங்க உதவிக்கு எங்கே படுக்கை காலியோ அங்கே போகவேண்டும். இப்போது காலியாக இருப்பது ஹேவரில். கனடா எல்லையோரம், நாலரை மணி நேரப் பயணம், அதுவும் பனி இல்லாத நாளில்.

"புதுக் கிணத்துல என் பங்கு மாசம் எட்டாயிரம் வரும்னாங்க, முதல் ரெண்டு வருஷத்துக்கு. கொறஞ்சாலும் அவனுக்கு அது போதும். அவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல வேண்டியிருக்காது லோவெல்."

உள்ளறைக்குப் போய் 2006-இன் முதல் தொகுப்பைத் தூக்கி வந்தேன். எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. பிப்ரவரி 2, 9, 16. மூன்று வியாழன்கள், ஐந்தாம் பக்கம், சட்ட அறிவிப்புகள். இருபது வருடம் யாரும் தொடாத தாதுரிமையை மேல்நிலத்துக்காரர் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கவுண்டி என்னும் எங்கள் மாவட்டத்தின் அதிகாரபூர்வப் பத்திரிகையில் மூன்று வாரம் அறிவிப்புப் போடவேண்டும். முதல் அறிவிப்பிலிருந்து உரிமைக்காரருக்கு அறுபது நாள் அவகாசம். அதற்குள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், இது என்னுடையது என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும், அறிவிப்பு செத்துவிடும்.

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிப்ரவரி 9 இதழில் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். 'ஆர்டிஸ் ட்வைட், டோவ்ரே, வடக்கு டகோட்டா' என்று அவர் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. படித்து முடித்தவர், ஏதோ சந்தேகம் வந்தவர்போல் தாளைப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில், அதே இடத்தில், விதை நிறுவனத் தொப்பியோடு அவர் அண்ணன் ஹார்லன் சிரித்துக்கொண்டிருந்தார். அது ஹார்லனின் இரங்கல் குறிப்பு.

தாளை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பினார்.

"இது எங்க வீட்டு நடையில மாட்டியிருக்கு" என்றார். "கத்தரிச்சு, சட்டம் போட்டு. மெர்ல் பண்ணினான், அப்ப அவனுக்குக் கை நல்லா இருந்துச்சு. பின்பக்கத்தை அட்டையில வெச்சு ஒட்டியிருக்கான். சமையக்கட்டுக்குப் போகவர அதைத் தாண்டித்தான் போறேன்."

நான் மேசைமேல் கிடந்த அளவுகோலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீதானே அஞ்சு பேப்பர் குடுத்தே? சாவுக்கு வந்தப்ப. நான் காசை நீட்டினேன், வேண்டாம்னே."

"ஆமா."

"இந்த நோட்டீஸை யாரு அடிச்சுக் கோத்தா?"

"இங்க நான் ஒருத்தன்தானே ஆர்டிஸ்."

"அப்ப என் பேரைப் பாத்தே."

"பாத்தேன்."

எங்கள் ஊரில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. தொகுப்பை மூடினார். "காபி இருக்கா?" என்றார். காலையில் போட்ட காபியைச் சூடாக்கிக் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார். நான் பக்கம் கட்டும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். இருபத்தெட்டு வருடத்தில் அந்த வாரம் ஒன்றில்தான் பத்திரிகை வெள்ளிக்கிழமை வந்தது.

பதிவாளர் அலுவலகம் நீதிமன்றக் கட்டடத்தின் முதல் மாடியில். பதிவாளர் ஜோலீன் நாற்பது வயதுப் பெண், எண்ணெய் வந்த பிறகு ஏழு கிலோ இளைத்துவிட்டாள். நடைபாதை முழுக்க நிறுவனங்களின் ஆட்கள் மடிக்கணினியும் பழைய பதிவேடுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டிஸ் பெயரைச் சொன்னதும் ஜோலீன் தேடவே இல்லை, பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். யார் யாரோ அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

1966-இன் பத்திரம். பால்மர் க்வான்டே கையெழுத்துக்கு மேலே, மகள் பெயருக்குப் பக்கத்தில், தட்டச்சு செய்திருந்த வரியில் பேனாவால் ஒரு சேர்க்கை: திருமதி மெர்ல் ட்வைட், தபால் பெட்டி 12, டோவ்ரே.

"அப்பா எழுத்து" என்றார் ஆர்டிஸ். "வக்கீல் முகவரி எல்லாம் வேண்டாம்னார். அப்பா பேனாவை வாங்கித் தானே எழுதினார். எண்ணெய்க்காரன் வந்தா என் பொண்ணை எங்கேன்னு தேடக் கூடாதுன்னார்."

ஜோலீன் என்னைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தபடி பேசினாள். "அதாங்க சிக்கலே. முகவரியே எழுதாம விட்டிருந்தா, டுவேன் உங்களைத் தேடியிருக்கணும். தெரிஞ்சவங்களைக் கேட்டு, சொந்தக்காரங்களைக் கேட்டு, தேடினேன்னு சத்தியம் பண்ணியிருக்கணும். பதிவுல முகவரி இருந்தா அந்த முகவரிக்கு ஒரு கடிதாசி போட்டாப் போதும். அப்ப இருந்த சட்டம் அப்படி. அதுக்கப்புறம் மாத்திட்டாங்க."

"டோவ்ரே போஸ்டாபீஸை எழுபத்தொண்ணுலயே மூடியாச்சே ஜோலீன். ஊரே இல்லையே. தானியக் கிடங்கு ஒண்ணு சாஞ்சு நிக்குது, அவ்வளவுதான்."

"தெரியுங்க."

"இல்லாத ஊருக்குக் கடிதாசி போட்டா அது சட்டமா?"

"போட்டதுதாங்க சட்டம். போய்ச் சேரணும்னு எழுதல." ஜோலீன் இன்னொரு தாளை எடுத்துவைத்தாள். அந்தக் கடிதத்தின் உறை, நகலெடுத்துப் பதிந்தது. 'அப்படியொரு இடம் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக' என்று முத்திரை. கடிதம் அனுப்பியதற்குச் சான்றாக டுவேனின் வழக்கறிஞர் அதையே பதிந்திருந்தார்.

பிஸ்மார்க்கில் ஒரு வழக்கறிஞரை ஏற்கெனவே பார்த்துவிட்டதாக ஆர்டிஸ் அப்போதுதான் சொன்னார். நாற்பதாயிரம் செலவாகும், இரண்டு வருடம் இழுக்கும், இதே மாதிரி வழக்குகள் தோற்றிருக்கின்றன என்றாராம் அவர். "நம்ம கண்ணால பாத்துட்டா மனசு ஆறும்னு வந்தேன்" என்றார் ஆர்டிஸ். ஆறியதாகத் தெரியவில்லை.

பிறகு கைப்பையைத் திறந்தார். "என் முகவரியை மாத்தணும். எவ்வளவு?"

"பதிமூணு டாலர். ஆனா ஆர்டிஸ், இப்பப் பதிஞ்சு ஒரு பிரயோஜனமும்…"

"தெரியும். கவர்மென்ட் புஸ்தகத்துல நான் இன்னும் டோவ்ரேல உக்காந்துட்டிருக்கேன். அதை மட்டும் மாத்திக் குடு."

ஜோலீன் படிவத்தை எடுத்தாள். ஆர்டிஸ் பெரிய எழுத்தில், தெரு எண், அஞ்சல் எண், தொலைபேசி எண் எல்லாம் எழுதினார். முகவரிக்கு விட்டிருந்த இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

டுவேன் வீட்டுக்கு என் பிக்கப்பில் போனோம். ஆர்டிஸுக்குத் தெரிந்த சாலைகள் எதுவும் இப்போது அதே இடத்தில் இல்லை. செம்மண் சாலையில் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் கடந்து போனபின் தூசி அடங்கும்வரை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தவேண்டியிருந்தது. க்வான்டே குடும்பத்துக்கு இருந்த நிலம், பிரிவில் கால்பகுதி, வந்ததும் காட்டினேன். கோதுமை அறுத்த தாள்கட்டை, ஒரு கல்குவியல், வேலி.

"கிணறு எங்க?"

"இங்க இல்ல. தெற்கே போய் இருபதாம் பிரிவு தாண்டி. அங்க எறங்கி, ரெண்டு மைல் ஆழத்துல திரும்பி, படுத்தவாக்குல இதுக்கு அடியில வருது."

அவர் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். "அந்தக் கல்லெல்லாம் நானும் ஹார்லனும் பொறுக்கிப் போட்டது" என்றார். "வேற ஒண்ணுமே தெரியலியே."

தெற்கு வானத்தில் எரிவாயுச் சுடர் பகலிலும் தெரிந்தது.

டுவேன் கெஃப்ரே வாசலிலேயே நின்றிருந்தார். ஆர்டிஸ் வயதுதான், ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். முழங்கால் மாற்றிய பிறகு குச்சி வைத்திருக்கிறார்.

"வா ஆர்டிஸ். அரைமணி நேரமா எதிர்பாத்துட்டிருக்கேன்."

"யாரு சொன்னா?"

"ஜோலீன் புருஷன் என் தங்கச்சி மகன்."

"கடிதாசி போனதைவிட இது வேகமாப் போயிருக்கு."

டுவேன் அதைக் கேட்காததுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி லோரெய்ன் காபி வைத்தாள், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த கேக் துண்டுகள் வைத்தாள், கூடவே ஊறுகாய்க் கிண்ணம் ஒன்றையும் எதற்கென்று தெரியாமல் வைத்தாள். பிறகு பாத்திரத் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா டுவேன், ஹார்லன் சாவுக்கு வந்தியே" என்றார் ஆர்டிஸ். "பெட்டியைத் தூக்கினே. சர்ச் கீழ்த்தளத்துல என் எதிர்ல உக்காந்து ரெண்டு ஹாம் சாண்ட்விச் தின்னே."

"மூணு."

"சரி, மூணு. நோட்டீஸ் வந்து எட்டு நாள் ஆயிருக்கு அப்ப. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"சாவுல வந்து நிலத்தைப் பத்தி எவனாவது பேசுவானா? உங்கப்பா பேசுவாரா? நீ பேசுவியா?"

எங்களில் யாரும் பேசியிருக்க மாட்டோம். சவ அடக்கத்தின்போது விளைச்சல் பேசலாம், பனி பேசலாம். யார் நிலம், யார் பெயரில் என்று பேசினால் அந்தக் குடும்பத்தோடு பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். அந்தக் கீழ்த்தளத்தில் நானும் இருந்தேன், பக்கத்து மேசையில்.

"மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"மறுநாள் நீ காலையிலேயே கிளம்பிட்டே."

"பில்லிங்ஸ்ல போன் இருக்குடா."

"வக்கீல் அறுபது நாள் வாயைத் திறக்காதேன்னான்." டுவேன் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார், நெடுநேரம் கலக்கினார். "இங்க பாரு ஆர்டிஸ். உங்கப்பா எங்கப்பாகிட்ட முழு விலை வாங்கினார். வாங்கிட்டுப் பாதியை மடியில கட்டிக்கிட்டார். நாப்பது வருஷம் நிலத்துக்கு வரி கட்டினது நாங்க. கல் பொறுக்கினது நாங்க."

"கொஞ்சம் நாங்களும் பொறுக்கியிருக்கோம்."

"இப்ப வெளியில போய்ப் பாரு. ஒரு நாளைக்கு எண்ணூறு லாரி. கன்னுக்குட்டியெல்லாம் இருமுது. லோரெய்ன் மூணு வருஷமா துணி வெளியில காயப் போடல. இதையெல்லாம் நான் தின்னுட்டு இருக்க, அரிசோனாவுலயும் பில்லிங்ஸ்லயும் உக்காந்துட்டு ஒருத்தர் செக் வாங்கணுமா? இந்தப் பக்கம் மேல்நிலம் வெச்சிருக்கற எவனை வேணும்னாலும் கேளு."

"நான் நியாயம் கேக்க வரல டுவேன். அது முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும்." கைகளை மேசைமேல் வைத்தார். "டிசம்பர்ல மெர்லை ஹேவருக்குக் கொண்டுபோறாங்க. அங்க போனா அவன் சாப்பிட மாட்டான். எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது, தினம் நாலரை மணி நேரம் ஓட்ட முடியாது. என் பங்கு முழுசும் வேண்டாம். இப்ப இருக்கற எடத்துக்கு மாசம் ஐயாயிரத்தைந்நூறு. அவன் இருக்கற வரைக்கும் அதை மட்டும் கட்டு. அவன் போன அன்னிக்கு நிறுத்திக்க. எழுத்துல வேண்டாம், உன் வார்த்தை போதும்."

ஆர்டிஸ் கெஞ்சி நான் பார்த்ததில்லை. டுவேனும் பார்த்திருக்க மாட்டார். அவர் கழுத்து சிவந்தது. லோரெய்ன் குழாயை நிறுத்தினாள்.

"என் கையில இல்ல ஆர்டிஸ்" என்றார் டுவேன். "போன மாசம் பசங்க பேருக்கு எழுதியாச்சு. ரெண்டு பேருக்கும். நான் போனப்புறம் கோர்ட்டு அது இதுன்னு அலைய வேண்டாம்னு."

"அவங்களைக் கேளேன்."

"கேக்கலாம்." அவர் குச்சியின் பிடியைத் தடவினார். "நம்ம பையன் டாடுக்கு ஃபீனிக்ஸ்ல வீட்டுக் கடன் இருக்கு. கேட்டுப் பாக்கறேன்."

கேட்க மாட்டார் என்பது அந்தச் சமையலறையில் இருந்த நால்வருக்கும் புரிந்தது. ஆர்டிஸ் கேக்கை முழுவதும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று லோரெய்னிடம் சொன்னார், செய்முறையும் கேட்டார். லோரெய்ன் அழுதுகொண்டே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

நாங்கள் கிளம்பும்போது டுவேன் கொட்டகைக்குள் போய், உறைபெட்டியிலிருந்து எடுத்த மாட்டிறைச்சிப் பொட்டலங்களை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். குச்சியோடு அதைத் தூக்க முடியாமல் தடுமாறினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"நம்ம மாடுதான். மெர்லுக்குக் குடு."

"அவனுக்கு இப்ப எல்லாம் அரைச்சுத்தான் குடுக்கறாங்க டுவேன்."

"அரைச்ச கறியும் இருக்கு. அடியில."

ஆர்டிஸ் பெட்டியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது. "தேங்க்ஸ் டுவேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு லாரிக்காக ஓரங்கட்டியபோது, ஆர்டிஸ் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அறுபது நாள் இருந்துச்சு லோவெல். புதன்கிழமைதோறும் என் விலாசத்தை நீதானே அடிச்சு பேப்பர்ல ஒட்டறே. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"நோட்டீஸ்ல வர்றதைப் பத்தி நாங்க வெளியில பேசறதில்ல. எங்கப்பா காலத்துலேருந்து அப்படி. ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்."

"சரி" என்றார்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் கவுண்டி ஆணையர்கள் ஐந்து பேர் கூடி எந்தப் பத்திரிகை அதிகாரபூர்வப் பத்திரிகை என்று வாக்களிப்பார்கள். அந்த ஐவரில் ஒருவர் அப்போது டுவேன். சட்ட அறிவிப்புகள் இல்லாவிட்டால் என் பத்திரிகை ஒரு வருடம் தாங்காது. இதை நான் சொல்லவில்லை. 2006 பிப்ரவரியில் அந்தப் பெயரை இரண்டாவது வாரமாகக் கோத்து முடித்ததும் தொலைபேசியைக் கையில் எடுத்ததையும், துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் இதைப் பேசுவதா என்று எனக்கே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டு அதைக் கீழே வைத்ததையும் சொல்லவில்லை. இறுதிச் சடங்கு முடிந்த பிறகும் ஐம்பத்திரண்டு நாள் மிச்சமிருந்தது.

மறு வாரம் வேறு வேலையாகப் பதிவாளர் அலுவலகம் போனபோது பார்த்தேன். டுவேன் சொன்னது பொய்யில்லை, செப்டம்பரிலேயே மகன்கள் பெயருக்கு எழுதியிருந்தார். ஒருவர் ஃபீனிக்ஸ், ஒருவர் டென்வர். வீட்டு எண்ணோடு, அஞ்சல் எண்ணோடு, இரண்டு முகவரிகளும் தெளிவாக இருந்தன.

டிசம்பரில் ஆர்டிஸிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. மெர்ல் பெயரில் இன்னொரு சந்தா வேண்டும், ஹேவர் முகவரிக்கு, காசோலை தனியாக வருகிறது. 'அவனுக்குப் படிக்க வராது. ஆனால் பேப்பர் கையில் இருந்தால் அமைதியாக உட்காருவான்' என்று எழுதியிருந்தார். காசோலையை நான் வங்கியில் போடவில்லை. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. புதன்கிழமைகளில் அவர்கள் இருவருக்குமான முகவரிச் சீட்டுகள் இயந்திரத்திலிருந்து அடுத்தடுத்து வரும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஹேவருக்குப் போன பத்திரிகை திரும்பி வந்தது. மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: அனுப்பியவருக்கே திருப்புக.

அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி அருகில்தான் இருந்தது. மறுநாள் ஆர்டிஸ் மின்னஞ்சலில் மெர்லின் இரங்கல் குறிப்பை அனுப்பினார், எனக்கென்று ஒரு வார்த்தையும் அதில் இல்லை. மீதியை என் அக்கா மூலம் தெரிந்துகொண்டேன். வாரம் ஒருமுறைதான் அவரால் போக முடிந்தது. மெர்ல் சாப்பிடுவதை நிறுத்தி, எடை குறைந்துகொண்டே வந்தார். மார்ச் கடைசியில் பனிப்புயலால் நான்கு நாள் சாலை மூடியிருந்தது. ஆர்டிஸ் ஹேவரை அடைந்தது மெர்ல் இறந்து ஒரு நாள் கழித்து.

குறிப்பு சுருக்கமாக இருந்தது. பிறந்தது, ரயில்வே, டோவ்ரேயில் திருமணம், பிள்ளைகள் இல்லை. கடைசி வரியில் 'மனைவி ஆர்டிஸ்' என்று எழுதி, அதன் பக்கத்தில் தெரு எண், அஞ்சல் எண், தொலைபேசி எண். எங்கள் பத்திரிகையில் இரங்கல் குறிப்பில் யாரும் வீட்டு எண் போடுவதில்லை. திருடர்களுக்கு வழிகாட்டியதாகும் என்று நாங்களே வெட்டிவிடுவோம். அதை அப்படியே விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பக்கம் கட்டினேன். இரங்கல் குறிப்புகள் ஆறாம் பக்கம், சட்ட அறிவிப்புகள் ஐந்தாம் பக்கம், எப்போதும் போல. அந்த வாரம் ஒரு காலாவதி அறிவிப்பும் இருந்தது: ஒன்பதாம் பிரிவு, நாற்பது ஏக்கர், யாரோ ஒரு பெண், ஒரேகானில் ஒரு ஊர். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெர்லின் படத்துக்கு நேர் பின்னால் அந்தப் பெண்ணின் பெயர் வந்தது.

அவர் பெயரை எங்கள் சந்தாதாரர் பட்டியலில் தேடினேன். இல்லை. அதற்கு மேல் தேடவில்லை.

சட்ட அறிவிப்புகளை மூன்றாம் பக்கத்துக்கு நகர்த்தி, மெர்லின் பின்னால் டயர்க் கடை விளம்பரத்தைப் போட்டேன். பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் மூன்றாம் பக்கத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான்காம் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் அந்த மாத மதிய உணவுப் பட்டியல். பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அதையும் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பார்கள்.